மடை ஞாபகம் இருக்கிறது, மகன் ஞாபகம் இல்லை: இது நடிப்பா?

கேள்வி
8 ஜூன் 2025, காலை

என் மாமனாருக்கு 79 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஊர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. பேரன் பெயர் தெரியவில்லை. காலையில் சாப்பிட்டது மதியம் தெரியவில்லை. ஆனால் நாற்று முடி கட்டச் சொன்னால் விரல் பிசகாமல் கட்டுகிறார். எந்த மடை எந்த வயலுக்கு என்று கேட்டால் கடகடவென்று சொல்கிறார். என் நாத்தனார், "அப்பா நடிக்கிறார், வேண்டாததை மட்டும் மறந்துவிடுகிறார்" என்கிறார். வீட்டில் தினமும் சண்டை. மூளை அப்படி வேண்டியதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுமா? மூளை ஆராய்ச்சியில் என்னென்னவோ கண்டுபிடிக்கிறார்களாமே, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்
8 ஜூன் 2025, இரவு 10.15

நடிப்பு இல்லை. முதலில் இதை உங்கள் நாத்தனாரிடம் காட்டுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் நீடாமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மூளை விஞ்ஞானி இல்லை. ஆனால் இதே நோயோடு அப்பாவை ஏழு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தவன். அந்த ஏழு வருஷத்தில் ராத்திரி தூக்கம் வராமல் படித்ததுதான் என் படிப்பு.

ஞாபகம் என்பது ஒரே பத்தாயத்தில் கொட்டி வைத்த நெல் மாதிரி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பழைய வீடுகளில் சாப்பாட்டு நெல் பத்தாயத்தில் இருக்கும், விதை நெல் வைக்கோல் கோட்டையில் இருக்கும், உளுந்து பானையில் இருக்கும். கூரை ஒழுகினால் எது நனையும்? ஒழுக்குக்குக் கீழே எது இருந்ததோ அது. மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். நேற்று நடந்தது, பேரன் பெயர், சாப்பிட்டது இதையெல்லாம் புதிதாகப் பதிய வைக்க ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் இருக்கிறது. கை பழகிய வேலைக்கு அது அவ்வளவாக வேண்டாம். அதற்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையாட்டமும் பின்பக்கச் சிறுமூளையும் போதும்.

இதை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு நோயாளி. பெயர் ஹென்றி மோலைசன், அமெரிக்கர். கடுமையான வலிப்பு. 1953இல், அவருடைய 27ஆவது வயதில், ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும் பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்கப்புறம் எதுவுமே பதியவில்லை. டாக்டர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் புது ஆள். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு கோட்டின் மேல் வரையச் சொன்னார். முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக ஓடும். மோலைசன் மூன்று நாளில் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தத் தாளை முதல் தடவை பார்ப்பவர் போலத்தான் உட்கார்ந்தார். கைக்குத் தெரிந்தது, ஆளுக்குத் தெரியவில்லை.

உங்கள் மாமனாரின் நாற்று முடி அந்தக் கணக்கில் வரும். மடை விஷயம் வேறு. அதை நாளைக்கு எழுதுகிறேன், கடை பூட்டணும்.

9 ஜூன் 2025, இரவு 11.00

மடை. இதற்கு என் அப்பா கதையைச் சொன்னால்தான் சரிவரும்.

மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து எங்கள் ஊரின் சின்னக் கன்னி வாய்க்கால் வரை எத்தனை மதகு, எதற்கு எத்தனை கண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்பா சொல்வார். 2016 வாக்கில் ஆரம்பித்தது. முதலில் உரக்கணக்கு. ஒரே யூரியா மூட்டையை நோட்டில் மூன்று இடத்தில் எழுதியிருந்தார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே அந்த லட்சணம்.

2020இல் எட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்தார்கள். வீட்டில், தெருவில், டீக்கடையில் எங்கேயும் "தண்ணி வருது" பேச்சுதான். அப்பா காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு ராத்திரி மூன்று மணிக்குப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாய்க்கால் மேட்டில், முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நிற்கிறார். மடையை வெட்டிவிட்டு தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வயலுக்கான மடை. சரியான இடம். இருட்டில், 82 வயதில், துளி தடுமாற்றம் இல்லாமல் போய் வெட்டியிருக்கிறார். கிட்டே போய் "அப்பா" என்றேன். டார்ச் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார்.

என்னைத் தெரியவில்லை, மடை தெரிகிறது. உங்கள் நாத்தனார் மாதிரிதான் எனக்கும் அன்றைக்குச் சுருக்கென்றது. மகனை விட மடை பெரிதா என்று.

10 ஜூன் 2025

ஒருவர் தனிச் செய்தியில் வல்லாரை மாத்திரை பற்றிக் கேட்டிருக்கிறார். என் கடையிலேயே நாலு கம்பெனி வல்லாரை இருக்கிறது, பரீட்சை மாதத்தில் நன்றாக ஓடும். அப்பாவுக்கு நான் கொடுக்கவில்லை. இதற்கு மேல் என் வியாபாரத்தை நானே கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

மாத்திரைப் பேச்சு வந்ததால் ஒன்று, இது முக்கியம். மறதிக்கு வழக்கமாக எழுதும் டோனெபெசில், அசிட்டில்கோலின் என்ற ரசாயனம் மூளையில் சீக்கிரம் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமைன் மாதிரி ஏதாவது இருக்கும். அது அதே அசிட்டில்கோலினை மறிக்கும். ஒரு கையால் மடை திறந்து மறு கையால் அடைக்கிற வேலை. வயதானவர்களுக்கு இந்த மாத்திரையாலேயே குழப்பம் கூடும். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொன்று. மறதி மெதுவாக வருவது. இரண்டு நாளில் திடீரென்று ஆள் மாறி உளறினால் அது வேறு கதை. சிறுநீரில் கிருமி, உடம்பில் உப்பு குறைவது, எப்போதோ விழுந்து மண்டைக்குள் கசிந்த ரத்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். உடனே காட்ட வேண்டும். தைராய்டு, பி12 குறைவு இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவை சரிசெய்யக்கூடியவை.

12 ஜூன் 2025, இரவு 9.30

இன்றைக்கு மேட்டூர் திறந்தாகிவிட்டது. கடையில் பேச்சு அதுதான். எனக்கு மடை பாக்கி இருக்கிறது.

மூளைக்குள் ஊர்ப்படம் ஒன்று இருக்கிறது என்பது இப்போது வெறும் பேச்சு இல்லை. 1971இல் ஜான் ஓகீஃப், எலியின் ஹிப்போகாம்பஸில் சில நரம்பணுக்கள் எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பதைப் பார்த்தார். இந்த அணு இந்த மூலைக்கு, அந்த அணு அந்த மூலைக்கு. 2005இல் நார்வேயில் மோசர் தம்பதியின் குழு பக்கத்துப் பகுதியில் வேறொரு வகையைக் கண்டது. அந்த அணு ஓர் இடத்துக்கு மட்டும் துடிப்பதில்லை. தரை முழுக்கக் கயிறு பிடித்து நட்ட மாதிரி, சம இடைவெளிவிட்டுச் சதுரம் சதுரமாகத் துடிக்கும். மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது.

அந்தப் பக்கத்துப் பகுதிக்கு எண்டோரைனல் கார்டெக்ஸ் என்று பெயர். அல்சைமர் என்ற மறதி நோயில் டௌ என்ற புரதம் சிக்குப்பிடித்து முதன்முதலில் கெடுக்கும் இடங்களில் ஒன்று அதுதான். வழி தவறுவது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கு இது ஒரு காரணம். அப்பா மன்னார்குடியில் பஸ் நிலையத்தை விட்டு வெளியே வரத் தெரியாமல் நின்றது பெயர்கள் மறப்பதற்கு முன்னால்.

அப்படியானால் மடை மட்டும் எப்படித் தெரிந்தது? ஈ.பி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட ஒருவர். கலிபோர்னியாக்காரர், 1992இல் வைரஸ் காய்ச்சல் மூளைக்கு ஏறி இரண்டு பக்க ஹிப்போகாம்பஸும் போய்விட்டது. அதற்கப்புறம் குடிவந்த தெருவில் அவருக்கு ஒரு வழியும் தெரியாது. ஆனால் சின்ன வயதில் வளர்ந்த ஊரைக் கேட்டால், அங்கிருந்து வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், இந்த வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு எப்படி, பெரிய தெரு அடைத்திருந்தால் எப்படிச் சுற்றிப் போவது என்று அதே ஊரில் வளர்ந்த மற்றவர்கள் அளவுக்குச் சொன்னார். டெங், ஸ்குவயர் இருவரும் 1999இல் இதை எழுதினார்கள். புதிய படம் வரைய ஹிப்போகாம்பஸ் வேண்டும். வெகுகாலம் முன்பு வரைந்து மெருகேறிய படம் மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பரவிவிடுகிறது, அதை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

அப்பா அந்த வாய்க்காலில் பத்து வயதிலிருந்து நடந்தவர். நான் பிறந்ததே அவருடைய முப்பதாவது வயதில்தான். சீனியாரிட்டி மடைக்குத்தான்.

13 ஜூன் 2025

திருத்தம். சதுரம் என்று எழுதிவிட்டேன், தப்பு. முக்கோணம். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி, தேன்கூடு மாதிரி. நடவு உவமை ஆசையில் சதுரம் வந்துவிட்டது.

19 ஜூன் 2025, இரவு 12.20

இன்றைக்கு அண்ணன் திருச்சியிலிருந்து போன் செய்தார். யாரோ இதை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். "நல்லா எழுதியிருக்கடா, பாதி தப்பு" என்றார்.

ஒன்று, அது 2020 இல்லை, 2021. 2020 ஜூனில் ஊரடங்கு, அண்ணன் ஊருக்கே வரவில்லை. அந்த ராத்திரி அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறார். எனக்குப் பின்னால் அவரும் ஓடி வந்திருக்கிறார். என் ஞாபகத்தில் நான் தனியாகத்தான் ஓடுகிறேன்.

இரண்டு, இதுதான் பெரிய அடி. அப்பா வெட்டியது எங்கள் மடையே இல்லை. பழைய மடை. வாய்க்காலுக்கு சிமென்ட் போட்டபோது போக்கைக் கொஞ்சம் மேற்கே தள்ளிவிட்டு மடையையும் மாற்றினார்கள். அப்பா போய் வெட்டியது பழைய மடை இருந்ததாக அவர் நினைத்த இடத்து வரப்பை. தண்ணீர் பங்காளியின் குறுவை நாற்றங்காலுக்குள் போய், விதைவிட்டு ஆறு நாள் ஆன முளை அத்தனையும் ஒதுங்கிவிட்டது. மறுநாள் பஞ்சாயத்து. விதை நெல்லும் கூலியும் கொடுத்தோம். கொடுத்தது நான். என் கையால் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

போனை வைத்ததும் எல்லாம் வந்துவிட்டது. பங்காளி அண்ணன் முகம், சேறு ஒட்டிய அவர் வேட்டி, "பெரியப்பாவைக் கட்டிப் போடுங்கடா" என்று அவர் கத்தியது. இத்தனையும் எங்கே இருந்தது? நாலு வருஷமாக எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஒருதரம் கூடப் பங்காளி வரவில்லை.

பங்காளி அந்த நாற்றங்காலை இன்றுவரை மறக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். அவர் ஹிப்போகாம்பஸ் பிரமாதம்.

20 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நோய் அப்பாவுக்கு, கதையை மாற்றியது நான்.

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது, தெரிந்தே இருந்தது. 2000இல் நாடர், ஷாஃபே, லெடூ மூவரும் எலிக்கு ஒரு சத்தத்தைக் கேட்டால் பயப்படப் பழக்கினார்கள். மறுநாள் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்கவிட்டு, பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா பகுதியில் புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை விட்டார்கள். பயம் போய்விட்டது. சத்தம் கேட்காமல் மருந்து மட்டும் கொடுத்த எலிக்குப் போகவில்லை. அதாவது ஞாபகத்தை எடுக்கிற ஒவ்வொரு முறையும் அது கொஞ்ச நேரம் இளகிக்கிடக்கிறது, திரும்ப இறுக வேண்டியிருக்கிறது. சேடை மாதிரி. காய்ந்த வரப்பில் கால் பதியாது. தண்ணீர் விட்டு உழுத சேற்றில் யார் கால் வைத்தாலும் தடம். மனிதர்களிடம் இதே சோதனையை வேறுவிதமாகச் செய்தபோது சில ஆராய்ச்சியாளர்களுக்கு அதே முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. அதனால் எலியை அப்படியே என் தலையில் தூக்கி வைக்க மாட்டேன்.

மனிதர்களிடம் செய்த ஒன்று இருக்கிறது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், நைசர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் செய்தி கேட்டபோது எங்கே இருந்தாய், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அதையே கேட்டார். நாலில் ஒருவர் சொன்ன எதுவும் முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. அவர்கள் கையெழுத்தையே காட்டிய பிறகும் சிலர் இப்போது சொல்வதுதான் சரி என்று நின்றார்கள்.

நம் ஊரில் 2018 நவம்பர் 16 கஜா புயலை வைத்துச் செய்து பார்க்கலாம். தென்னை விழுந்த நேரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேறு. எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மடை சரியாகத் தெரிகிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அது இப்போதைய மடையா, பழைய மடையா என்று யாராவது சரிபார்த்தீர்களா? ஈ.பி.க்கும் என் அப்பாவுக்கும் இருந்தது பழைய ஊரின் படம். நான் 9ஆம் தேதி எழுதியதை விட அண்ணன் சொன்ன கதைதான் ஆராய்ச்சிக்கு நன்றாகப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதாலேயே எனக்கு இப்போது அதிலும் சந்தேகம்.

27 ஜூன் 2025

"ஞாபகம் அழிந்தே போகிறதா, உள்ளே இருந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவை வைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்வியும் இதுவேதான்.

2012இல் எம்.ஐ.டி.யில் தொனெகாவாவின் குழு, எலி ஒரு கூண்டுக்குப் பயந்த நேரத்தில் வேலை செய்த நரம்பணுக்களை மட்டும் அடையாளமிட்டு, அப்புறம் வேறு கூண்டில் வைத்து அந்த அணுக்களின் மேல் ஒளியைப் பாய்ச்சினார்கள். பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில் எலி உறைந்து நின்றது. 2016இல் அதே குழு, அல்சைமர் மாதிரி நோயை உண்டாக்கிய எலிகளிடம் இதைச் செய்தது. தானாக நினைவுகூர முடியாத எலி, ஒளி பட்டதும் நினைவுகூர்ந்தது. ஆரம்பக் கட்டத்தில் சரக்கு உள்ளேதான் இருக்கிறது, எடுக்கிற வழி தூர்ந்துவிட்டது என்று அர்த்தம். எலியில். ஆரம்பக் கட்டத்தில். இந்த இரண்டையும் தடித்த எழுத்தில் படியுங்கள். முற்றிய பிறகு அணுக்களே சாகின்றன, அப்போது திறக்கக் கதவும் இல்லை, அறையும் இல்லை.

மனிதனுக்கு மருந்து? லெகனமாப் என்ற ஊசி மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. மூளையில் சேரும் அமிலாய்டு புரதத்தை வழித்தெடுக்கிறது. 18 மாதச் சோதனையில் நோயின் சறுக்கல் 27 சதவீதம் மெதுவானது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி, அரைப் புள்ளி கூட இல்லை. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்தச் சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள், மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மாமனாருக்கு இதை எதிர்பார்த்து நிலத்தை விற்காதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால், கடைக்கு வந்து அப்படிக் கேட்ட ஒருவர் இருக்கிறார்.

நம் பக்கம் எதுவும் நடக்கிறதா என்றும் அவரே கேட்டார். நடக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் மூளை மையம், கருக்குழந்தைகளின் மூளையை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து, தரணி என்ற பெயரில் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. அதே வருஷம் அக்டோபரில் வெளிநாட்டில் ஓர் ஈயின் முழு மூளைக்கு வரைபடம் போட்டு முடித்தார்கள். 1,39,255 நரம்பணு, ஒவ்வொன்றின் இணைப்போடும். நமக்கு இருப்பது சுமார் 8,600 கோடி. ஈயிலிருந்து மாமனாருக்கு வர இன்னும் நாள் இருக்கிறது.

5 ஜூலை 2025, மதியம், கடையில் கூட்டம் இல்லை

ஈ.பி. கதையை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன். எதிர்ப்பக்கமும் உண்டு.

லண்டனில் ஒரு டாக்சி ஓட்டுநர், டி.டி. என்று குறிப்பிடுகிறார்கள். பல பத்து வருஷம் அந்த ஊரில் ஓட்டியவர். அவருக்கும் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸ் கெட்டது. எலினோர் மக்வயரின் குழு, கணினியில் உண்டாக்கிய லண்டன் தெருக்களில் அவரை ஓட்டவிட்டது. பெரிய சாலைகளில் மற்ற ஓட்டுநர்கள் மாதிரியே போனார். சந்துக்குள் திரும்ப வேண்டி வந்ததும் தொலைந்துபோனார். 2006இல் வந்தது இது. அப்படியானால் பழைய படம் முழுக்க ஹிப்போகாம்பஸை விட்டுக் கழன்றுவிடுவதில்லை. எலும்புக்கூடு நிற்கிறது, சதை போகிறது.

நம் கணக்கில் சொன்னால் வெண்ணாறு, கோரையாறு தெரியும், கன்னி வாய்க்கால் தெரியாது. இப்படிப் பார்த்தால் என் அப்பா எந்தப் பக்கம்? மூணாறு தலைப்பைக் கடைசி வரை சொன்னார். கன்னி வாய்க்காலில் போய் நின்றார், மடையை மட்டும் தப்பாக வெட்டினார். இரண்டு கட்சியும் அவரைத் தங்கள் ஆள் என்று சொல்லலாம். அது மடைப் படமே இல்லாமல் காலின் பழக்கமாகவும் இருந்திருக்கலாம். வீட்டு வாசலில் இறங்கினால் இடது, அரசமரம், வலது, மேடு. எழுபது வருஷம் நடந்த கால்.

பழக்கம் என்றதும் இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. 1996இல் நோல்டன், மேங்கல்ஸ், ஸ்குவயர். சீட்டுகளைக் காட்டி மழையா வெயிலா என்று ஊகிக்கச் சொல்வார்கள். எந்தச் சீட்டும் நிச்சயமாகச் சொல்லாது, அநேகமாக மழை, அநேகமாக வெயில் என்ற அளவில்தான். ஞாபகம் போனவர்கள் மெல்ல மெல்லச் சரியாகச் சொல்லத் தொடங்கினார்கள், ஆனால் அந்தச் சீட்டாட்டம் நடந்த விவரங்களைக் கேட்டால் தெரியவில்லை. பார்கின்சன் நோயாளிகளுக்கு ஆட்டம் நன்றாக ஞாபகம் இருந்தது, ஊகம் தேறவே இல்லை. ஒரு நோய் ஒரு வாய்க்காலை அடைக்கிறது, மற்ற நோய் மற்றதை.

அப்பா மேகத்தைப் பார்த்து மழை சொல்வார், நோய் வந்த பிறகும். சரியாகச் சொன்னாரா என்று கேட்காதீர்கள். 19ஆம் தேதிக்கு அப்புறம் என் சாட்சியம் செல்லாது.

14 ஜூலை 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார். மாமனார் சாயங்காலம் நாலரைக்கு மேல் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்கிறாராம். வீட்டிலேயே நின்றுகொண்டு.

எங்கள் வீட்டிலும் அதே நேரம். பொழுது சாயும்போது கூடுவது பலருக்கும் நடக்கிறது. மூளைக்குள் இருக்கும் பகல் இரவுக் கடிகாரமும் கெடுவது ஒரு காரணம். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடி நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. நாலு மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம். "சரி, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்போம். டீ வருவதற்குள் போகும் எண்ணம் போய்விடும். சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

வருகிறவர்கள் எல்லாம் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பதை நிறுத்துங்கள். என் வீட்டில் அதைத் தொடங்கி வைத்தவனே நான். தினம் காலையில் கேட்டேன், ஒன்றரை வருஷம். அப்பா முகத்தில் பரீட்சைக்குப் படிக்காத பையனின் முகம் வரும். அதை நான் மறக்கவில்லை, இதில் அண்ணன் திருத்த எதுவும் இல்லை.

காதை ஒரு தடவை பரிசோதியுங்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு மறதி நோய்க்குப் பட்டியலிட்ட மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது மந்தமும் ஒன்று. அது நடுவயதிலிருந்தே பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் கேட்காததை மறதி என்று நாம் நினைத்துக்கொள்வது நிறைய நடக்கிறது. அப்பாவுக்கு வலது காதில் ஆயில் என்ஜின் சத்தம் நாற்பது வருஷம். நான் வலது பக்கம் நின்றுதான் கேள்வி கேட்டிருக்கிறேன் போல.

பாட்டு? போடுங்கள். 2015இல் ஜெர்மனிப் பக்கம் செய்த ஆராய்ச்சியில், வெகுநாள் கேட்ட பாட்டைக் கையாளும் மூளைப் பகுதிகள் அல்சைமரில் மற்ற இடங்களைவிடத் தாமதமாகவே கெடுவதாகத் தெரிந்தது. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி தொடங்கினால் அப்பாவின் கை தொடையில் தாளம் போடும். கடைசி வருஷம் பேச்சே இல்லை, தாளம் இருந்தது.

15 ஜூலை 2025

நாத்தனார் படித்துவிட்டாராம். "நடிப்பு இல்லைன்னு ஒத்துக்கறேன், ஆனா அப்பா ஏன் என் பேரை முதல்ல மறந்தார்" என்று அழுதாராம். கட்டிக்கொடுத்துப் போன பெண் வருஷத்துக்கு நாலு தடவை வருவார், மருமகள் தினமும் எதிரில் நிற்கிறார். அவ்வளவுதான் என்று சொல்லிப் பாருங்கள். முழு உண்மையா என்று தெரியாது, பொய் இல்லை.

3 ஆகஸ்ட் 2025, ஆடிப்பெருக்கு

அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். பெண்கள் ஆற்றுப் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் வாய்க்கால் மேட்டுக்குப் போனோம். இந்த இழையால்தான். அப்பா வெட்டிய இடத்தைப் பார்த்துவிடுவோம் என்று.

அண்ணன் பூவரசு மரத்தடியைக் காட்டினார். "இந்த நிழல்லதான் மறுநாள் பஞ்சாயத்துல உக்காந்தோம்" என்றார். நான் இருபது அடி கிழக்கே காட்டினேன். குரல் ஏறிவிட்டது. வயலில் களை பார்த்துக்கொண்டிருந்த பங்காளி அண்ணன் வந்தார், மண்வெட்டியோடு. நான்கு வருஷத்துக்கு அப்புறம் அவரோடு நின்று பேசுவது அதுதான் முதல் தடவை.

பூவரசைப் பார்த்துச் சிரித்தார். பழைய பூவரசு கஜாவில் விழுந்துவிட்டது, இது அப்புறம் அவரே போத்து வெட்டி நட்டது, 2021இல் இடுப்பளவுதான் இருந்தது என்றார். அதன் நிழலில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் அவர் மூன்றாவதாக ஓர் இடத்தைக் காட்டி, நாலு வெட்டு வெட்டினார். ஐந்தாவது வெட்டில் 'டங்' என்றது. பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. பழைய மடையின் கல்லா, எவனாவது கொட்டிய கல்லா என்று தெரிய இன்னும் தோண்ட வேண்டும். வெயில் ஏறிவிட்டது, வீட்டில் சித்திரான்னம் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா வெட்டியது அங்கேதான் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். பங்காளி அண்ணன் மண்ணைத் தள்ளி மூடினார். அவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன், வந்தார்.